கை நனைக்காமல் போனவர்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் தின்னலாம், காப்பி குடிக்கலாம். அதெல்லாம் கணக்கில் சேராது. இலை முன்னால் உட்கார்ந்து சோற்றில் கை நனைத்தால்தான் சம்மதம் என்று அர்த்தம். ஒன்பது வயதிலேயே இந்தச் சட்டம் எனக்கு அத்துப்படி. அப்பாவின் தங்கையான அத்தையைப் பார்க்க வந்த இரண்டு கூட்டம் "பெறகு பாப்போம்" என்று சொல்லி, கை நனைக்காமலே போனதை நான் பார்த்திருந்தேன். அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசாததே பெரிய பேச்சாக இருந்தது.

மூன்றாவதாகச் சிவகங்கையிலிருந்து வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று அத்தையே முடிவு செய்தாள். நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்வதுதான் ஆஸ்பத்திரியில் அவள் வேலை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சுகர் என்று காதில் விழுந்ததும் கேசரிக்கும் பஜ்ஜிக்கும் அடுப்படியில் இடமில்லாமல் போயிற்று. கொண்டைக்கடலைச் சுண்டல், இனிப்புக் குறைத்த கவுனி அரிசிப் பொங்கல், குடிக்க மோர் விட்ட கம்பங்கூழ். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றிய வீடு என்று ஊர் சிரிக்குமே என்று முனகிக்கொண்டேதான் அம்மா கரைத்தாள்.

ஊர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, "இப்பிடிக் குடிச்சு எம்புட்டு நாளாச்சு" என்று டம்ளரை மறுபடி நீட்டினார். டம்ளர் பாதி காலியானாலே நிரப்புவது அம்மாவின் உபசாரம். போதும் என்று மறுப்பது வந்தவர்களின் மரியாதைக்கு ஆகாது. ஆகவே அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள், அவர்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். அத்தையும் மாப்பிள்ளையும் முற்றத்தில் நின்று பேசினார்கள். பின்கட்டில் கோழிக் குழம்பு கொதித்தது.

மதியம் அப்பா இலை போடச் சொன்னார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இப்ப வேணாங்க. கண்டனூர்ல எங்க அக்கா வீடு இருக்கு, ஒரு எட்டு போகணும். பெறகு பாப்போம்" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அப்பா. கார் போய்விட்டது.

"கூழ ஊத்தி வெரட்டிட்டியே ஆத்தா" என்றார் அப்பா. தங்கையை அதற்கு மேல் திட்ட அவருக்கு வராது.

"அதுல நார்ச்சத்து சாஸ்திண்ணே. வயித்துல மெதுவாத்தேன் எறங்கும். அவுகளுக்குப் பசிச்சிருக்காது" என்றாள் அத்தை. சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் தேய்ந்துவிட்டது.

அவள் சொன்னதற்கு நானே சாட்சி. இரண்டு டம்ளர் கூழ் குடித்திருந்த எனக்குக் கோழிக் குழம்பைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. அதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஒன்பது வயதுக்காரியின் வயிற்றைச் சாட்சியாக யார் ஏற்பார்கள்? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் அதே கார் வந்து நின்றது.

"இப்பத்தேன் பசியே எடுக்குது" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் மாப்பிள்ளையின் அப்பா. "அக்கா வீட்டுல வச்ச எதையும் தொட முடியல. இலையப் போடுங்க, கை நனைச்சிட்டே போறோம்."

அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க, வாங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இலையை அவரே ஓடிப்போய் அறுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தபோது அம்மா பெருமூச்சு விட்டது அடுப்படியில் எனக்குக் கேட்டது. அப்பாடா என்று எனக்கும் இருந்தது.

அவர்கள் கிளம்பிய பிறகு அம்மா அத்தையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "வேணாம் மதினி, பசிக்கல" என்றாள் அத்தை.

அது எப்படி? காலையிலிருந்து அவள் பின்னாலேயே திரிந்தவள் நான். கூழில் ஒரு வாய், சுண்டலில் ஒரு கடலைகூட அவள் தொடவில்லை. நார்ச்சத்தே உள்ளே போகாமல் எப்படிப் பசிக்காமல் இருக்கும் என்று கேட்டேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுப்பதில் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் பங்குக் கறியையும் நானே தின்றேன்.