நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய்? அளவெட்டித் தேருக்குப் போன கதை

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "நம்ம பணத்துக்கு அங்கே எவ்வளவு கிடைக்கும்?" நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீர்கள், போங்கள்! இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியும் எனக்கு விளங்காத ஒரே கணக்கு அதுதான். எப்படிக் குழம்பினேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்காவது உதவட்டும்.

எண்பத்து மூன்று மே மாதம், பள்ளி விடுமுறை. என் வீட்டுக்காரருக்கு நாதஸ்வரப் பைத்தியம். வாசிக்கத் தெரியாது, கேட்கிற பைத்தியம். கோயில் கோயிலாகப் போய்க் கேசட்டில் பதிவு செய்வார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் அளவெட்டியில் ஒரு தேர்த் திருவிழா, அதில் வாசிப்பவரைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதோடு, யாழ்ப்பாணத்துக் கடைகளில் ஜப்பான் டேப் ரெக்கார்டர் அள்ளிக்கொண்டு வருகிற விலையாம். நம் ஊரில் அப்போது கள்ளச் சந்தையில் ஆயிரத்து இருநூறு. கிளம்பிவிட்டோம்.

தஞ்சாவூரிலிருந்து இரவு ரயிலில் இராமேசுவரம், காலையில் கப்பல், மூன்றரை மணி நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து ரயிலேறி மதவாச்சியில் மாறி, மறுநாள் காலை யாழ்ப்பாணம். கப்பலிலேயே முதல் குழப்பம் ஆரம்பம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாபாரி, நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் இரண்டு ரூபாய் தருவதாகச் சொன்னார். வங்கி விலை இரண்டு முப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்து வங்கியில் கேட்டால், இந்திய நோட்டைத் தொடவே மாட்டோம் என்றார்கள். அப்புறம் அந்த விலை யாருக்காம்?

நாங்கள் தங்கியது மருதனார்மடத்தில், சிவலிங்கம் அண்ணை வீட்டில். வெங்காயமும் புகையிலையும் போடுபவர். சிதம்பர தரிசனத்துக்கு வந்தபோது பழக்கம். அவருடைய மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளுக்கு நாங்கள் அறுநூறு ரூபாய் கட்டிவிட்டு வந்திருந்தோம். அதற்கு ஈடாக அவர் என் கையில் அவர்கள் பணம் ஆயிரத்து ஐந்நூறு வைத்தார்.

"அண்ணை, கணக்கு உதைக்குதே. வங்கி விலையை விட ஜாஸ்தி."

"ஓம் தங்கச்சி. எனக்கு உங்கடை காசு தேவை, அதாலை எனக்கு அது இரண்டரை. தேவையில்லாதவனுக்கு இரண்டு. வங்கிக்காரனுக்கு ஒண்டுமில்லை. உதிலை என்ன குழப்பம்?"

அவருக்குக் குழப்பமில்லை. எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் பஸ் பிடித்து ஐந்து மைல் தள்ளியிருந்த பட்டணத்துக்குப் போய் ரெக்கார்டர் வாங்கினோம். ஆயிரத்து நானூறு. கையில் மிச்சம் அவர்கள் பணம் நூறு, நம் பணம் ஒரே ஒரு நூறு. அந்த இந்திய நூறு உயிர்நாடி. இராமேசுவரத்தில் சுங்கத் தீர்வை கட்ட வேண்டும், ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். தீர்வை கட்டாவிட்டால் ரெக்கார்டரைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் என் கைப்பையை நம்பாமல் என் வீட்டுக்காரரே வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

தேரன்று காலை ஏழு மணிக்கு அளவெட்டிக் கோயிலில் இருந்தோம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். கந்தையா என்ற அந்த நாதஸ்வரக்காரர் தோடி எடுத்தார். அடடா! எனக்கே கண் கலங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் ஒவ்வொருவராகப் போய் அவர் தோள் சால்வையில் நோட்டை ஊக்கால் குத்தினார்கள். அங்கே பாராட்டுகிற வழக்கம் அது. அண்ணை பத்து ரூபாய் குத்தினார். ஒரு கடைக்காரர் ஐம்பது. திரும்பிப் பார்க்கிறேன், என் ஆள் ரெக்கார்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறார். சட்டை இல்லை, பை இல்லை. மடியில் இருப்பது ஒரே நோட்டு. நான் கையைக் காலை ஆட்டியும் பார்த்தால்தானே? குத்தியேவிட்டார்!

தேர் நிலைக்கு வந்ததும் மேளக்காரர்கள் வேப்பமர நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மானத்தை விட்டுப் போய், அந்த நோட்டை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கந்தையாவிடம் கேட்டேன்.

"குத்தின காசைத் திருப்பிக் குடுக்கிறேல்லை அம்மா. சாமிக்கு முன்னாலை குத்தினது. திருப்பினா உங்களுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை."

"திருப்ப வேண்டாங்க, மாத்திக்கலாம். உங்க பணம் தர்றோம்."

"எவ்வளவு?" என்றார் தவில்காரர். "ஐஞ்சு பேருக்குப் பிரிக்கவேணும். கடையிலை இருநூறுதான் தருவாங்கள்."

"இருநூற்றைம்பது!" என்றார் சிவலிங்கம் அண்ணை, என் பக்கம் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

என்னிடம் இருந்ததே நூறுதான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் உதைத்தது. ரெக்கார்டரைக் கடையில் திருப்பிக் கொடுப்பதா, இராமேசுவரத்தில் பறிகொடுப்பதா? என் வீட்டுக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு குழந்தையைப் போலத் தடவிக்கொண்டிருந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது.

கந்தையா சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். "நீங்கள் தஞ்சாவூர் எல்லே? திருவாவடுதுறை எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில் இரண்டு மணி நேரம்."

"நாயனத்திலை வைச்சு ஊதிற சீவாளி அங்கைதான் நல்லது. நூறு ரூவாய்க்கு வாங்கி அனுப்பிவிடுங்கோ." சால்வையிலிருந்து நோட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். "நான் உதைத் திருப்பித் தரேல்லை, விளங்குதோ? செலவழிக்கிறன். மற்றவையின்ரை பங்கை நான் குடுப்பன்."

"எந்தக் கணக்கிலை?" என்றார் தவில்காரர். மறுபடி ஆரம்பித்தார்கள். நான் நழுவிவிட்டேன்.

இராமேசுவரத்தில் தீர்வை அறுபத்திரண்டு ரூபாய். என்ன கணக்கு என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. ஜூன் முதல் வாரமே திருவாவடுதுறை போய், சரியாக நூறு ரூபாய்க்குச் சீவாளி வாங்கி, எங்கள் தெருவிலிருந்து கப்பலில் போன ஜவுளிக்காரரிடம் கொடுத்தனுப்பினோம். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு அந்தத் தோடியை இன்னொரு கேசட்டில் எடுத்துச் சேர்த்து வைத்தார். ஜவுளிக்காரர் திரும்பி வந்தபோது கந்தையா கொடுத்ததாக ஓர் இலங்கை ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தார். வேறு சேதி எதுவும் இல்லை.

நூறுக்கு நூறு சரியாகிவிட்டது. பிறகு மீதி ஏது? இரண்டால் வகுத்தேன், இரண்டு முப்பதால் வகுத்தேன், இரண்டரையால் வகுத்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கேட்டு எழுதுவதற்குள் அந்த ஜூலைக் கலவரம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் கப்பலும் நின்றது. சிவலிங்கம் அண்ணை குடும்பம் கனடா போனதாக ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்தது. கந்தையா என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியவில்லை.

நாங்களும் மறுபடி போகிறோம்; போன வாரம் அந்தப் பயணத்துக்குப் பணம் மாற்றக் கிளம்பியபோது அந்த ஐம்பதையும் எடுத்து மேஜையில் வைத்து, பழைய பழக்கத்தில் மறுபடி வகுக்க ஆரம்பித்தேன்.

"அது மீதி இல்லடி," என்றார் இவர். "ஓரத்தைப் பாரு."

ஓரத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். இருந்தால் என்ன? நம் ஊர் வங்கியில் கட்டுக்கட்டாக ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள், ஓட்டையில்லாத நோட்டை நான் பார்த்ததே இல்லை. அதனால் கவனிக்கவே இல்லை.

"ஊக்கு குத்தின ஓட்டை. என் கேசட்டைக் கேட்டுட்டு எனக்குக் குத்தி விட்டிருக்கார்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீ கணக்குப் போட்டுக்கிட்டிருந்தே."

சரி, உங்களுக்கான யோசனைகள். கப்பல் ஓடும் நாட்களைக் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள், கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுகிறார்கள். இப்போது நம் ஒரு ரூபாய்க்கு மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவிட்டு மாற்றுங்கள், ஒரே பதில் வராது, பயப்படாதீர்கள். திரும்பி வரும் செலவைத் தனியாக வையுங்கள், இசைப் பைத்தியங்களிடம் கொடுக்காதீர்கள். அளவெட்டி போவதானால் கைப்பையில் ஓர் ஊக்கு இருக்கட்டும். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், அந்த ஐம்பதோடு சேர்த்து.