அளக்காமல் வந்த ஐந்து டன் குளிர்

உங்கள் வீட்டுக்குள் நீங்கள் இழுக்கும் மூச்சை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? வெர்னெல் பட்டீஸ் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவர் போர்ட் ஆர்தர் பள்ளியில் காலமெல்லாம் உயிரியல் நடத்தியவர். "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக் கேட்டே இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைப் பயமுறுத்தியவர். அப்படிப்பட்டவர், அந்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் முன்வரிசையில் வாய் திறக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு முழுவதையும் குளிர்வித்து வந்த பழைய ஏசி அந்த வாரம்தான் செத்துப்போயிருந்தது. டெக்சஸ் கடலோரத்து ஜூலையில் ஏசி இல்லாத வீடு, மூடி போட்ட இட்லிப் பானை. கணவர் அல்சீட், எண்ணெய் ஆலையின் கொதிகலன் பகுதியில் உழைத்து நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். "குளிர்ந்த, உலர்ந்த காற்று. இரண்டும் வேண்டும்," என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் ஹோசியா எழுந்து நின்று, சபையார் சேர்ந்து புது ஏசி போட்டுத் தரப்போவதாக அறிவித்தபோது, வெர்னெல் கைக்குட்டையை எடுத்தார்.

"சின்னதா ஒண்ணு இல்ல சிஸ்டர்! அஞ்சு டன்! என் மச்சான் கிடங்குல இருக்கறதுலயே பெருசு. நம்ம பிரதர் அல்சீட் இனிமே அலாஸ்காவுல படுத்துக்கலாம்!"

சபை முழுக்கக் கைதட்டியது. பழைய எந்திரம் அதில் பாதி அளவு. சிறிய வீடு, மூன்றே அறைகள். எதற்கு இவ்வளவு பெரிது என்ற கேள்வி வெர்னெலின் நாக்கு நுனி வரை வந்தது. நன்றி அதை விழுங்கிவிட்டது.

வந்து பொருத்தியவர்கள் ஒரு சுவரைக்கூட அளக்கவில்லை. எந்த ஜன்னலில் மாலை வெயில் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. பரணில் ஓடும் காற்றுக் குழாய்கள் இந்த வேகத்தைத் தாங்குமா என்று யோசிக்கவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, குளிர் வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குளிர் வந்தது. எந்திரம் உறுமிக்கொண்டு எழும், கொஞ்ச நேரத்தில் வீட்டை நடுங்க வைக்கும், பட்டென்று நின்றுவிடும். அல்சீட் போர்வையை இழுத்துக்கொண்டு சிரித்தார்.

"கல்லறைக்குப் போறதுக்கு முன்னாடியே ஐஸ் பெட்டியில வெச்சுப் பழக்குறாங்க டீச்சரம்மா."

"வாயைக் கழுவுங்க மொதல்ல."

"வாயைக் கழுவறேன். படுக்கையை யாரு பிழியறது? ஈரத்துணி மேல படுத்த மாதிரி இருக்கு."

ஆகஸ்டில் அல்சீட்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலணிகளில் பச்சை மென்மயிர் முளைத்தது. அலமாரியின் பின்சுவரில் கரும்புள்ளிகள் பரவின. அவர் நான்கு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தி மூச்சு வாங்கத் தொடங்கினார். வெர்னெல் டீக்கனுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"வடிகட்டியை மாத்தினீங்களா சிஸ்டர்?"

"மாத்தினேன். வடிகால் குழாய்ல வினிகர் ஊத்திக் கழுவினேன். வெளிய இருக்கற பெட்டியைச் சுத்திப் புல்லு வெட்டினேன். நீங்க சொன்னது ஒண்ணு விடல."

"அப்ப இன்னும் கொஞ்சம் குளிரைக் கூட்டுங்க. கோவிச்சுக்காதீங்க, பூசணம் வர்றது வீட்டைத் துடைக்கற விதத்துலயும் இருக்கு."

குளிரைக் கூட்டினார். சுவர்கள் வேர்த்தன. பூசணம் தடித்தது. பாதிரியார் வந்து அல்சீட்டின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அடுத்தடுத்த நாட்களில் பெண்கள் கம்போ குழம்புச் சட்டியும் ப்ளீச் பாட்டிலுமாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஏழை வீட்டில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி அந்த வீட்டுப் பெண்தான். எந்திரத்தை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு விடியலில் அல்சீட்டின் உதடு நீலமானது. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. "வீடு காயற வரைக்கும் இவரை அனுப்ப மாட்டேன்," என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய வெர்னெல் வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் பக்கவாட்டில் நடந்தார். ஏசியின் வடிகால் குழாய் வெளிச்சுவரில் முடியும் இடத்தில் அவர் வளர்த்த புதினாப் பாத்தி இருந்தது. பழைய எந்திரம் வீட்டுக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர் கோடை முழுக்க அங்கே சொட்டும். அதற்கென்று அவர் தனியாகத் தண்ணீர் ஊற்றியதே இல்லை. அந்தப் புதினா இப்போது கருகிக் கிடந்தது.

குழாயின் வாயில் விரலை விட்டார். உலர்ந்திருந்தது. அடைப்பும் இல்லை, சென்ற வாரம்தான் கழுவியிருந்தார்.

காற்றில் கையை வீசினால் விரலில் ஈரம் ஒட்டும் ஊர் இது. தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் எங்கே இருக்கிறது? படுக்கையில், சுவரில், காலணியில், அல்சீட்டின் மார்பில். தேவைக்கு மீறிய எந்திரம் நொடியில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுகிறது. ஈரத்தைப் பிழிய அது நிதானமாக, நெடுநேரம் ஓட வேண்டும். ஓடுவதே இல்லை. வகுப்பில் ஒரு மாணவன் இதைக் கண்டுபிடித்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார். இப்போது கருகிய புதினாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்.

அந்த ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் வேளையில், பரிசைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்லும்படி டீக்கன் அழைத்தார். வெர்னெல் எழுந்தார்.

"உங்க அன்புக்கு நன்றி. அந்த எந்திரத்தைக் கழட்டிக்கிட்டுப் போங்க. அது என் புருஷனைக் கொல்லுது."

டீக்கன் சிரிக்க முயன்றார்.

"சிஸ்டர், தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?"

"பார்க்கணும் டீக்கன். மாடு என் வீட்டுக்காரர் நெஞ்சு மேல ஏறி நிக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் வீட்டை யாரு அளந்தா?"

டீக்கன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பெரிய வீட்டுக்காரன் வாங்கறப்ப அறை அறையா அளப்பாங்க. எங்களுக்குன்னா கிடங்குல எது மிச்சமோ அது. ஏன்? சும்மா கொடுக்கறதுன்னா கணக்கு வேண்டாமா?"

"நன்றி கெட்டவ," என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. அப்போது விதவை ஒடீலியா, போன ஆண்டு இதே போல ஏசி பெற்றவர், மெல்ல எழுந்தார்.

"என் பைபிள்லயும் பூசணம் புடிச்சிருக்கு. நான்தான் சரியா வீடு துடைக்கலைன்னு நெனச்சு வெளிய சொல்லாம இருந்தேன்."

டீக்கன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்ல. கொடுப்பதில் பெருமை இருந்தது, கேட்பதில் பொறுமை இல்லை. இந்த உலகில் பாதி அநியாயம் இப்படி நல்ல மனசோடுதான் நடக்கிறது.

சபையே அழைத்து, வேறு ஊரிலிருந்து ஏசி வேலை தெரிந்த ஒரு பெண் வந்து, சுவர், ஜன்னல், கூரை, குழாய் எல்லாவற்றையும் அளந்து கணக்குப் போட்டார். பழைய அளவே போதும் என்று வந்தது. ஐந்து டன்னைக் கழற்றிவிட்டு அந்த அளவில் வேறொன்றை மாட்டினார்கள். நெடுநேரம் அடங்கிய குரலில் ஓடியது. குழாய் சொட்டத் தொடங்கியது.

அல்சீட் திரும்பி வந்தார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. அந்தக் குழாய் இனிக் கழலாது. பின்படியில் உட்கார்ந்து சொட்டும் நீரைப் பார்த்தார்.

"ஏன் டீச்சரம்மா, அன்னிக்கே அளந்தீங்களான்னு கேட்டிருந்தா?"

வெர்னெல் புதினாக் குச்சி ஒன்றை ஈர மண்ணில் ஊன்றினார்.

அந்தக் கேள்வியை உங்கள் வீட்டுக்கு வர விடாதீர்கள். குளிரை விற்க வருகிறவர் எவராயினும், அளந்து போட்ட கணக்கை அவர் காட்டும் வரை சம்மதம் சொல்லாதீர்கள். இல்லாதவர் வீட்டுக்குத் தானம் செய்யப் போகிறீர்கள் என்றால், கைதட்டலை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள்.