நிச்சயமா என்று கேட்ட மிஷின்

கைப்பேசியில் எதையாவது அழிக்கப் போனால் 'நிச்சயமா?' என்று கேட்கிறது. இன்றும் என் விரல் அங்கேயே நின்றுவிடும். இது பழைய பயம்.

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்குத் தற்காலிக வேலை. அப்பா படுக்கையில் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தக் குளிர் அறைக்குள் போக வேண்டும். தப்பாகத் தட்டினால் உள்ளதையும் சத்தமில்லாமல் அழித்துவிடும் என்றார்கள். என்னைப் போலப் புதிதாக வந்தவர்கள் அதைத் தொடவே தயங்கினோம்.

எங்கள் பயத்தைப் பார்த்த கம்ப்யூட்டர் சார், ஏரல்காரர், மிஷினை நடத்தும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலேயே கை வைத்தார். எதையும் சேமிக்கும் முன் 'ஆர் யூ ஷுர்?' என்று அது கேட்கும்படி செய்தார். புதியவர்களுக்குத் தைரியம் வரும் என்று நம்பினார், பாவம்.

எனக்கோ பயம் கூடியது. நாள் முழுக்க உதிரிபாகப் பட்டியலைத் தட்டிவிட்டு, கேள்வி வந்ததும் 'நோ' என்று அடித்தேன். கடைசியில் மொத்தமாகச் சரிபார்த்து 'எஸ்' போடலாம் என்று எண்ணம். நோ போட்டால் அன்றைய வேலை முழுதும் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. நான்கு நாள் இப்படி. வெள்ளிக்கிழமை மேனேஜர் பட்டியல் கேட்டபோது மிஷின் வெற்றுத் தாளைத் தள்ளியது.

"நாலு நாளா என்ன செஞ்ச? திங்கக்கிழமை வரவேண்டாம்" என்றார் மேனேஜர்.

"ஏம்மா நோ போட்ட?" என்று, மிஷின் விட்ட பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, சார் மெதுவாகக் கேட்டார்.

"நிச்சயமான்னு கேட்டா எப்படி சார் ஆமான்னு சொல்லுதது? தப்பாப் போயிட்டா?"

சார் சற்று யோசித்துவிட்டுத் பக்கத்தில் நின்ற தலைமைக் குமாஸ்தாவிடம் திரும்பினார். ஸ்டோர் முழுவதும் அவருக்கு விரல்நுனியில். "அண்ணாச்சி, பெரிய பேரிங் எத்தனை இருக்கு?"

"எண்பத்தாறு."

"நிச்சயமா?"

அண்ணாச்சி மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுதேன் சார்" என்று கிடங்குக்கு நடந்தார்.

"இந்த ஆபீஸ்ல அந்தக் கேள்விக்கு யாரு சார் ஆமான்னு சொல்லியிருக்கா? அதைக் கேக்க வச்சது என் தப்பு" என்று மேனேஜரிடம் சொன்னார் சார். அண்ணாச்சி மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "எண்பத்தாறுதான்" என்றார்.

மேனேஜர் என்னைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். அன்று பட்டியலைத் தட்டி முடித்தேன். கேள்வி வரவில்லை; சார் அதை எடுத்துவிட்டிருந்தார். 'சேர்த்தாயிற்று. தவறிருந்தால் நாளை மாலைக்குள் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தாளில் விழுந்தது. இரண்டு முறை படித்தேன். அழுகை வந்துவிட்டது. வீட்டிலோ பள்ளியிலோ அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.