கோல்கீப்பரின் முறை

பழவேற்காடு ஏரியில் மீன் படுகிற இடங்கள் குறைவு. அதனால் இன்றைக்கு ஒரு குடும்பம், நாளைக்கு இன்னொன்று என்று முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். தணிகாசலத்தின் குப்பத்தில் அந்த முறையைப் பிரித்துச் சொல்பவர் அவர்தான். குப்பத்துக் கால்பந்து அணிக்கும் அவரே கோச். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆட முறை உண்டு என்பது அவர் சட்டம்.

பொன்னேரியில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் இரு பக்கமும் கோல் விழவில்லை. கடைசி நேரத்தில், வந்த பந்தையெல்லாம் தடுத்த மதிவாணனை வெளியே கூப்பிட்டுவிட்டு பெஞ்சில் இருந்த சசிகுமாரை கீப்பராக இறக்கினார். ஒரே கோலில் தோற்றார்கள்.

திரும்பும் வேனில் யாரும் அவரைத் திட்டவில்லை.

இறங்கியதும் மதிவாணனின் அண்ணன் ரங்கசாமி கேட்டான். "இன்னா மாமா, நல்லா ஆடிக்கினு இருந்தவன எதுக்குத் தூக்குன?"

"சசி முறைடா. அவனும் நம்ம ஊரு புள்ளதானே."

"கப்பு எதிராளி ஊட்டுக்குப் போச்சே, அதுவும் முறையா?"

கூட்டம் சிரித்தது. ரங்கசாமி சிரிக்கவில்லை.

"முறை பாத்துதான் தோத்தோம். இனிமே கெலிக்கிறவனுக்குத்தான் எடம். ஏரியிலயும் அப்டியே வச்சிக்கலாம், மாமா."

சிரிப்பு நின்றது. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் தணிகாசலத்தின் முறை. விடிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய இடத்தில் ரங்கசாமியின் வலை கட்டியிருந்தது. என்ன செய்வதென்று கரையைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முறையில்லாத இன்னும் மூன்று படகுகள் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.