கத்தாத பிரேக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதக் காலையில், கொல்லிமலை இறக்கத்தில் நடந்த சம்பவம் இது. இன்றைக்கும் தெருவில் ஏதாவது சைக்கிள் பிரேக் ‘கிறீச்’ என்று கத்தினால் நின்று திரும்பிப் பார்க்கிறேன். பிரேக் பிடித்தும் சத்தம் வராவிட்டால், அந்த சைக்கிள் நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

நான் குடவாசல் பக்கத்துக்காரன். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பீர் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. வெளியில் யார் கேட்டாலும் ‘பாட்டில் கம்பெனி’ என்று மழுப்பிவிடுவேன். என் அம்மா ஒரு படி மேலே போய், ‘சோடா கம்பெனி’ என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒரு சொட்டுகூடக் குடிப்பதில்லை என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. “நெல்லு வெளையுற ஊர்ல பொறந்துட்டு பார்லி அவிக்கப் போயிட்டானே!” என்று கிண்டல் வேறு.

பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும் சங்கிலிப் பாதையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சங்கிலி கிறீச்சிட ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பாட்டில் கவிழும், லைன் நிற்கும், மேலதிகாரி வந்து நிற்பார். அதனால் சத்தம் கேட்டால் கை தானாக எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவுக்குப் போய்விடும். எலுமிச்சை வாசனை அடிக்கும் ஸ்ப்ரே அது. என் சட்டையில் அந்த வாசனை ஊறிப்போய், துவைத்தாலும் போகாது. பதினாறு வருடப் பழக்கம். எங்கள் வீட்டுக் கதவு, கிரைண்டர், பக்கத்து வீட்டு கேட் எல்லாம் என் கைபட்டுத்தான் வாயை மூடின. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த ஆவணியில் பாய்லர் மாற்றுவதற்காக ஒரு வாரம் தொழிற்சாலையை மூடினார்கள். எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் சாருக்கு அப்போதுதான் சர்க்கரை வந்திருந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாராம். சார் தனியாக ஓட்டாமல் எங்களையும் சேர்த்து இழுத்துவிட்டார். ஏழு பேர், ஐந்து நாள், கொல்லிமலை போய்த் திரும்புவது என்று முடிவானது.

எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றங்கரை மட்டும்தான். மலை ஏறிப் பழக எங்கே போவது? ரயில்வே மேம்பாலத்தில் ஒரு மாதம் ஏறி இறங்கிப் பழகினோம். தினமும் பத்துத் தடவை. பாலத்தடியில் டீக்கடை வைத்திருந்தவர், “ஏங்க, பாலம் எங்கயும் போயிடாதுங்க, மெதுவா ஏறுங்க” என்பார்.

கியர் சைக்கிள்களைத் திருச்சியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். சக்கரத்தின் நடுவில் வட்டத் தகடு வைத்த டிஸ்க் பிரேக். எங்களில் யாரும் அதுவரை அந்த மாதிரி சைக்கிளைத் தொட்டதில்லை. கடைக்காரர் அரை மணி நேரம் நின்று எல்லாவற்றையும் விளக்கினார். நான்? மெஷினோடு குடும்பம் நடத்துகிறவனுக்கே மெஷின் சொல்லித் தருகிறாரே என்று சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இந்தக் கதையில் முக்கியமானவன் என் நண்பன். மன்னார்குடிக்காரன். தொழிற்சாலையில் பார்லி காய்ச்சும் பிரிவில் வேலை. அவன் மூக்கு எங்கள் இடத்தில் பிரசித்தம். கொப்பரை மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும், ‘இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்’ என்பான். லேப் டெஸ்ட்டில் பார்த்தாலும் அதுதான் வரும். பத்து வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் மனைவிக்கு நான் அண்ணன் முறை.

முதல் நாள் காவிரிக் கரையோரமாக முசிறி வரை ஜாலியாகப் போனோம். வழியில் மணல் தூசி ஏறியதோ என்னவோ, இரண்டாம் நாள் அவன் சைக்கிள் கத்த ஆரம்பித்தது. பிரேக்கைத் தொட்டால் போதும், ஊரே திரும்பிப் பார்க்கும். மலை மேல் போனதும் இன்னும் மோசம். ஏறி இறங்குகிற சாலை என்பதால் ஓயாமல் பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. “மயில் வருது, வழி விடுங்க” என்று எல்லோரும் கிண்டலடித்தோம். மிளகுக் கொடிக்கு அடியில் கட்டியிருந்த ஒரு மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அதன் சொந்தக்காரர் எங்களை நன்றாக வாழ்த்தி அனுப்பினார். அன்றைக்கு என் நண்பனின் முகம் சுண்டிப்போனது. “ஊருக்குப் போனதும் முதல் வேலையா இந்தச் சனியனைத் திருப்பிக் குடுக்கணும் மாப்ள” என்றான். எனக்குப் பாவமாக இருந்தது.

ஐந்தாம் நாள் விடிந்ததும் இறங்க வேண்டும். எல்லோரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் சைக்கிள்கள் நின்ற இடத்துக்குப் போனேன். என் பையில் ஸ்ப்ரே டப்பா இருந்தது. அது இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? அவன் சைக்கிளின் முன் தகட்டுக்கு ஒரு சுற்று, பின் தகட்டுக்கு ஒரு சுற்று அடித்தேன். வழிந்ததைத் துணியால் துடைத்தேன். சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு லேசாக பிரேக்கைத் தொட்டேன். பொட்டுச் சத்தம் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சொல்லாமல் இருப்போம், கீழே போனதும் அவனே ஆச்சரியப்படட்டும் என்று டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள். மேலிருந்து இறங்கும்போது எழுபதில் ஆரம்பித்து எண் குறைந்துகொண்டே வரும். சார் முதலில் போனார். நடுவில் மற்றவர்கள். கடைசிக்கு முந்தி என் நண்பன், கடைசியில் நான். குளிர் தாங்காமல் அவன் மூக்கையும் வாயையும் சேர்த்து மஃப்ளரால் சுற்றியிருந்தான்.

முதல் வளைவில் மெதுவாகத்தான் போனோம். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். மஃப்ளருக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. “மாப்ள, மயிலு ஊமையாயிடுச்சு!” என்று கத்தினான். நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த இறக்கம் கொஞ்சம் செங்குத்து. அவன் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தான். இவ்வளவு வேகம் எதற்கு என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான். சைக்கிள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு காலைத் தரையில் தேய்த்தான். ஷூ தெறித்துப் பின்னால் வந்து விழுந்தது. “பிடிக்கல! மாப்ள, பிடிக்கலடா!” என்று அலறினான்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. பிரேக் என்பது உரசினால்தான் நிற்கும். உரசுகிற இடத்தில்தான் நான் எண்ணெய் அடித்திருக்கிறேன். பதினாறு வருடம் மெஷினோடு இருந்தவனுக்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் அந்த இடத்தில்தான் உறைத்தது. எதிரே வளைவு. அதற்கு அந்தப் பக்கம் முட்டளவு சுவர், சுவருக்கு அப்பால் பள்ளம்.

கீழேயிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஹாரன் அடித்து ஒதுங்கி வழி விட்டிருப்பார்கள். அந்த ஓட்டுநர் ஒதுங்கவில்லை. பள்ளத்துப் பக்கமாக வண்டியை ஏற்றி, சுவரை மறைத்துக் குறுக்கே நிறுத்தினார். நிறுத்திய வேகத்தில் மறு பக்கமாகக் குதித்தும்விட்டார். அடுத்த கணம் என் நண்பன் அந்த வண்டியின் பக்கவாட்டில் போய் மோதினான். ‘டமார்’ என்று மலை எதிரொலித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தார் ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தான். ஹெல்மெட் பிளந்திருந்தது, மஃப்ளர் எங்கோ போய்விட்டது. முகத்துக்கு அருகில் அவன் சைக்கிளின் முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். என்னையே பார்த்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஓட்டுநர்தான் எல்லாம் செய்தார். வண்டியில் இருந்த தவிட்டு மூட்டைகளை இறக்கி ரோட்டோரம் போட்டுவிட்டு, அவனைப் படுக்க வைத்து அடிவாரத்துக்கு ஓட்டினார். வண்டியின் பக்கம் நசுங்கிப்போய் இருந்தது. சார் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, “வண்டியைத் தட்டி நிமுத்திக்கலாங்க. ஆளு உள்ள போயிருந்தா யாரு நிமுத்துறது?” என்றார். “அவரு கத்துன கத்து எனக்கு அந்த வளைவுக்குக் கீழயே கேட்டுச்சு. கத்துனாரு, பொழைச்சாரு” என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கழுத்துப்பட்டை எலும்பு முறிவு, மணிக்கட்டு முறிவு, தாடையில் ஒன்பது தையல் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அதைக் கேட்டதும் நான் அழுதேன். எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியைத் தந்தவன் நானேதான்.

சார் திருச்சி கடைக்காரருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். “மனுசன் உசுரோட வெளையாடுறியா? மலைக்குன்னு சொல்லித்தானய்யா எடுத்தோம்? போலீஸ்ல எழுதிக் குடுக்குறேன் பாரு!” அந்த மனிதர் நடுங்கிப்போனார். “சார், நானே ஓட்டிப் பாத்துத்தான் சார் குடுத்தேன். எப்படி சார் பிடிக்காம போவும்? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்…” நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ‘ஆமா சார், விடாதீங்க’ என்று சொல்லக்கூட ஒரு கணம் நாக்கு எழுந்தது. இப்படிப்பட்டவனா நான்? எனக்கே என்னைத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அவன் மனைவி மன்னார்குடியிலிருந்து தன் தம்பியோடு காரில் வந்து சேர்ந்தார். தலை வாரவில்லை, காலில் செருப்பு இல்லை. நேரே என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க பின்னால வர்றீங்கன்னுதாண்ணே நான் தைரியமா அனுப்புனேன். நீங்க இருந்ததாலதான் இன்னிக்கு என் தாலி தப்பிச்சுது.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவரையும் சாரையும் கட்டிலருகே அழைத்துப் போனேன். பையிலிருந்து ஸ்ப்ரே டப்பாவை எடுத்து மெத்தை மேல் வைத்தேன்.

“நாந்தான் மாப்ள. காலைல தகட்டுல இதை அடிச்சேன். சத்தம் போடக் கூடாதுன்னுதான். பிரேக்கைக் கெடுத்தது நாந்தான். கடைக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல.”

சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவன் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. ஓங்கி ஒரு அறை கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

கட்டிலில் கிடந்தவன் மட்டும் அசரவில்லை. தையல் போட்ட தாடையை மெதுவாக அசைத்துப் பேசினான்.

“தெரியும் மாப்ள.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“விழுந்து கெடந்தப்ப சக்கரம் மூஞ்சிகிட்ட சுத்திக்கிட்டிருந்துச்சு. எலுமிச்சை வாசனை. நம்ம லைன் வாசனை எனக்குத் தெரியாதா? அந்த டப்பா ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு.”

“அப்ப ஏண்டா சொல்லல? சார் கடைக்காரரை அந்தத் திட்டு திட்டுனாரே!”

“அது இப்பத்தான் எனக்குத் தெரியுது. நீயா சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நான் சொல்லாமலே இருந்திருந்தா?”

மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, “நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனா மாப்ளன்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்” என்றான்.

அங்கேயே கடைக்காரருக்கு நான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “தகட்டுல எண்ணெய் படக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே சார், நீங்க அப்ப இல்லீங்களா?” என்றார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

அவன் மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தான். அவன் மனைவி என்னோடு பேச ஒரு வருடம் ஆனது, அது நியாயம்தான். தொழிற்சாலையில் இப்போது ஏதாவது மெஷின் கத்தினால், முதலில் நிறுத்திவிட்டு, இது எதற்காகக் கத்துகிறது என்று பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் தொடுகிறேன். ‘எங்கே வேலை’ என்று யார் கேட்டாலும் ‘பீர் ஃபேக்டரி’ என்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.

ஷிஃப்ட் மாறும்போது காய்ச்சும் பிரிவு வாசலில் நின்று அவன் தினமும் ஒரு தடவையாவது “மாப்ள!” என்று குரல் கொடுப்பான். அந்த ஒரு வார்த்தையை ஒரு பகல் பொழுது முழுக்க நான் என் வாயை மூடியே தொலைக்கப் பார்த்தேன் என்பது, ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலோடு சேர்ந்தே எனக்குக் கேட்கிறது.