தம்பியின் புள்ளி

புள்ளிகளை இடம் மாற்றி வைப்பதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்களில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் எங்கெங்கே கடிபட்டார்கள் என்று ஓர் ஆராய்ச்சிக் குழு வரைபடம் போடுகிறது. விஷமுறிவு மருந்தை எந்த ஊரில் இருப்பு வைத்தால் ஆள் பிழைப்பான் என்று பார்ப்பதற்காக. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறை, இரண்டு கணினி, நான். கடிபட்ட இடத்தை அப்படியே வெளியிட்டால் இன்னார் வீட்டுச் சாவு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் குறிப்பிட்ட தூரத்துக்குள் ஏதாவது ஒரு பக்கம் தள்ளி வைக்க வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி முடிவு செய்யும். பொத்தானை அழுத்துவதோடு என் வேலை முடிந்தது.

அந்தப் புள்ளிகளில் ஒன்று என் தம்பி.

எங்கள் வீடு கருணாபுரத்தில். தம்பி வடக்கனந்தல் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவான். விடியற்காலையிலேயே வேலை தொடங்கும் என்பதால் அந்தத் தடவை முந்தின சாயங்காலமே போய், கிழங்குக் கொல்லையிலேயே மோட்டார் கொட்டகைத் தரையில் படுத்துக்கொண்டான். தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. அது கடித்தால் பெரிதாக வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. காலையில் வயிறு வலிக்கிறது என்றானாம். பிறகு கண் இமை தொங்கியது. நாக்கு குழறியது. எழுந்து நடந்தவன் தள்ளாடி வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

கூட வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கருணாபுரத்து ஆள் தள்ளாடினால் யாருக்கு என்ன தோன்றும்? எங்கள் பக்கம் கள்ளச் சாராயத்தால் வரிசையாகப் பாடை எழுந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. "ராத்திரி ஜாஸ்தியா போட்டுட்டான், தெளிஞ்சிடும் வுடு" என்று புளிய மரத்தடியில் படுக்க வைத்து, மோர் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவனால் விழுங்க முடியவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ தேடினார்கள். மருத்துவமனைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாம்புக்கடி என்று பிறகு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதை யார் படித்தார்கள்? இழவு வீட்டிலேயே, எங்கள் காதுபட, குடிதான் என்று பேசினார்கள். தெருவில் அத்தனை சாவைப் பார்த்த நாளிலிருந்து அவன் ஒரு சொட்டு தொட்டதில்லை.

அம்மாவுக்கு ஒன்றுதான் வேண்டும். தன் பிள்ளை குடித்துச் சாகவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். இந்த வேலையில் சேர்ந்தபோது நானே வாயை விட்டேன். "படத்துல அவன் வருவாம்மா. பாம்பு கடிச்சி செத்தவங்க மட்டுந்தான் அதுல இருப்பாங்க." அன்றிலிருந்து, "படம் வந்துச்சாடி?" என்று கேட்காத நாள் இல்லை.

படம் போடும் நாள் வந்தது. பொத்தானை அழுத்தினேன். தம்பியின் புள்ளி கொல்லையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மெயின் ரோட்டுத் திருப்பத்தில் போய் விழுந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டடம், மதுக்கடை.

கணினியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வேலையை மேற்பார்வை செய்யும் மேடத்துக்கு போன் செய்தேன். சென்னையிலிருந்து வந்து போகிறவர், நல்ல மனுஷி.

"இன்னொரு தடவ ஓட்டட்டுமா மேடம்? அவன் புள்ளி வேற எங்கயாவது வுழட்டும்."

"உனக்குப் புடிச்ச எடம் வர்ற வரைக்கும் ஓட்டினா அது குலுக்கலே இல்லம்மா. மொதல்ல வந்ததுதான் கணக்கு. அது உன் தம்பின்னு பாக்கறவங்க யாருக்கும் தெரியாது. அதுக்குத்தானே இத்தனையும்."

"எங்கம்மாவுக்குத் தெரியுமே மேடம்."

"மன்னிச்சிக்கோம்மா" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே போகிற படம் அதுதான் என்று ஆகிவிட்டது. ஆனால் என் கணினியில் நான் ஓட்டிப் பார்ப்பதை யார் கேட்கப் போகிறார்கள்? ஓட்டினேன். தம்பி ஏரித் தண்ணீருக்குள் போய் நின்றான். அடுத்த தடவை யாருடைய கரும்பிலோ. பள்ளிக்கூடம் என்றாலே ஓடி ஒளிந்தவன், அதற்கடுத்து பள்ளிக்கூட மைதானத்தின் நட்டநடுவில். பிறகு மலைக்கு ஏறும் ரோட்டோரம், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி. உயிரோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றே தோன்றியது. நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் துறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே புள்ளியை அதே இடத்திலிருந்து பல தடவை தள்ளி வைத்த படங்களை வெளியே விடக் கூடாது. எல்லாப் பக்கமும் சிதறிய புள்ளிகளுக்கு நடு எது என்று யாராவது கணக்குப் போட்டால் உண்மையான இடம் தெரிந்துவிடும். படித்திருக்கிறேன், செய்து பார்த்ததில்லை. அன்றைக்குச் செய்தேன். சிதறிக் கிடந்த அத்தனை தம்பிகளுக்கும் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நின்றது. மோட்டார் கொட்டகை. பக்கத்தில் கரும்பச்சையாகப் புளிய மரம். எனக்கு முன்பே தெரிந்த இடம்தான். இருந்தும் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் அம்மா அறைக்கே வந்துவிட்டாள். வேலைக்குப் போகாமல், இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பொய் சொல்ல வராமல், வெளியே போகிற படத்தைத் திறந்து அவன் புள்ளியைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கமெல்லாம் கிழங்கு பிடுங்கியவள். ஏரி, ஓடை, ரோடு என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்து திருப்பத்தில் நிறுத்தினாள்.

"இது ஒயின் ஷாப்பாண்டதான?"

"ஆமாம்மா. யாரு வூடுன்னு தெரியக் கூடாதுன்னு மெஷினு எல்லாரையும் இப்டி தள்ளி வைக்கும்."

"தள்றதுக்கு வேற எடமே கெடைக்கலயாடி? ஊரே சொல்லிக்கினு இருக்குதுன்னா, நீயும் அவன இஸ்துக்கினு போயி அங்கயே வுட்டுட்டியே."

அவசரமாக இன்னொரு படத்தைத் திறந்து, சிதறிய புள்ளிகளையும் நடுவிலிருந்த சிவப்பையும் காட்டினேன். எங்கெங்கே தள்ளினாலும் கடைசியில் அவன் படுத்திருந்த இடத்துக்கே கணக்கு வந்துவிடுகிறது என்று சொன்னேன். அம்மா அந்த மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இத கண்டுபுடிக்கவா இவ்ளோ கஸ்டப்பட்ட?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு ஒருத்தர் குனிஞ்சி அவன் வாய மோந்து பாத்திருந்தா போதுமேடி."