பத்து நொடிக்கு ஒரு பெட்டி

என் வீட்டுக்காரருக்குக் காளைப் பைத்தியம். தை பிறந்தால் போதும், ஜவ்வாது மலையிலிருந்து எங்கள் மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர், கணியம்பாடி என்று எருது விடும் விழா நடக்கிற ஊருக்கெல்லாம் இறங்கிவிடுவார். எனக்கு அது ஆகாது. "உன் மாடு ஓடுற தெருப்பக்கம் என் நெழல்கூட வராது" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தடவை மீறினேன். மூன்று வருடத்துக்கு முன் ஒடுகத்தூரில் பருப்பு வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஏறி நின்றுவிட்டேன். எங்கள் மாடு பத்து நொடியில் தெருவைத் தாண்டி முதல் பரிசை அடித்தது. நான் முந்தானையைச் சுழற்றிக் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். இவர் மாட்டை அவிழ்த்துவிடும் இடத்தில் நின்றதால், இவருடைய போனை வாங்கி அந்த ஓட்டத்தை என் கொழுந்தன் படம் பிடித்திருந்தான். போனில் பார்த்தால் மாடியில் நான் கடுகளவுதான். யாருக்கும் தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் ஆயுசுக்கும் கிண்டல்.

இந்த வருடம் அந்தப் போன் பேட்டரி உப்பி, நினைத்தபோதெல்லாம் அணைந்துபோனது. உள்ளே அத்தனையும் மாட்டு வீடியோ. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நெட்டில் ஏற்றலாமென்றால் எங்கள் ஊர் சிக்னலுக்கு அடுத்த தை வந்துவிடும். கடைசியில், எல்லாவற்றையும் வீட்டிலேயே சேர்த்துவைத்து டிவியில் பார்க்கிற மாதிரி ஒரு பெட்டி வாங்கலாம் என்று முடிவாயிற்று. டிவியில்! கடுகு பூசணிக்காய் ஆகிவிடுமே. அதற்குள் போன் செத்தால் தேவலை என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, ஐயோ அந்த ஓட்டம் போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வேலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பெண், ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்துவைத்தாள். "புதுசா பழகுறவங்களுக்கு இது போதும்ணா. நெட்டே வாணாம்." விலையும் எங்கள் கைக்கு அடக்கம். அடுத்தது ஹார்ட் டிஸ்க். இவர் அதைத் தூக்கி, திருப்பி, விரலால் தட்டினார். சந்தையில் காளைக்குச் சுழி பார்க்கிற அதே முகம்.

"இது எத்தினி நொடிம்மா?"

அவள் விழித்தாள். வேகத்தைக் கேட்கிறார் என்று நான் விளக்கினேன்.

"வேகமா சுத்துறதும் கீதுண்ணா. ஆனா படம் பாக்க மெதுவா சுத்துறதே போதும். சத்தம் வராது, சூடும் கம்மி."

"மெதுவா ஓடுறத நான் இன்னாத்துக்கு வூட்டுக்கு இட்டுனு போவணும்?"

அந்த வேகக்காரப் பெரிய டிஸ்கின் காசுக்கு மெதுவான சின்னது இரண்டு வரும், ஒன்று பழுதானாலும் இன்னொன்றில் நகல் இருக்கும் என்றாள் அவள். நான் முந்திக்கொண்டு, "ரெண்டா குடும்மா" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனுக்கு இன்னா இவ்ளோ அக்கறை?"

"வீடியோ போனா நீங்க சோறு துன்ன மாட்டீங்களே" என்று சமாளித்தேன்.

பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் அவள் எல்லா வீடியோவையும் இரண்டு டிஸ்கிலும் ஏற்றியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பேரும் முகப்புப் படமும் வைக்க இவர் கற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரையை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் குடும்பத்தோடு வந்துவிட்டான். டிவியைப் போட்டால் வரிசை வரிசையாக எங்கள் மாட்டின் முகம். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"ஒடுகத்தூர் ஓட்டத்தப் போடுண்ணா" என்றான் கொழுந்தன்.

ரிமோட் நகர்ந்து ஒரு சதுரத்தில் நின்றது. அதில் மட்டும் மாடு இல்லை. மங்கலான மாடியில், வாயைப் பிளந்து முந்தானையைச் சுழற்றிக்கொண்டு நான். கீழே பேர்: 'வூட்டுக்காரி வந்த அன்னிக்கி'.

வீடே சிரித்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது, சிரிப்பும் அடங்கவில்லை. எல்லோரும் ஓய்ந்தபின், "எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும்" என்றார் டிவியைப் பார்த்தபடியே. "மாடு ஓடுனத ஊர்ல நூறு பேரு புடிச்சி வச்சிக்கீறான். நீ கத்துனது இதுல மட்டுந்தான் கீது."